பன்னிரண்டு

இடப்பெயருக்குப் பன்னிரண்டு எழுத்து போதும் என்று
இரண்டு வருடம் முன்னால் முடிவு செய்தவள் நான்தான்.
கைபேசித் திரையில், தலைப்புக்கு மேலே,
சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம்.
அடையாறு போட்டுப் பார்த்தேன், உட்கார்ந்தது.
மயிலாப்பூர் போட்டேன்,
இன்னும் ஒன்றுக்கு இடம் வைத்தே உட்கார்ந்தது.
சரியென்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

என் வீடு கொருக்குப்பேட்டையில்.
அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

கணினிக்குப் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி.
நாம் பத்து என்று எண்ணுகிற புதுவண்ணாரப்பேட்டை
அதன் கணக்கில் பதினெட்டு.
பன்னிரண்டில் வெட்டி மூன்று புள்ளி வைக்கும்.
புதுவண்ணாரப்…
திருவொற்றியூ…
தண்டையார்பேட… (இதில் தலைப்புள்ளியும் போனது)
கொருக்குப்பே…
யாரோ பேச வாயெடுத்ததும் போனை வைத்த மாதிரி.
காசிமேடு தப்பித்தது, ராயபுரமும்.
மீதியை வாசகர்களே முடித்துக்கொள்வார்கள்
என்றார் சிவசைலம்.
என்னவென்று முடித்துக்கொண்டார்கள்
என்று நாங்கள் கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுதினேன். சொல்லச் சங்கடம்.
இரவுப் பணிக்கு ஜெசிந்தா ஒருத்திதான்.
செய்திக்குச் செய்தி பிரிவு தேடிக்கொண்டிருக்க முடியாது,
டெம்ப்ளேட்டே போட்டுக்கொள்ளட்டும் என்றாள்.
பழைய செய்திகளை எண்ணினேன். எது அதிகமோ அது.
இந்தப் பதினேழு பேட்டை, குப்பம், நகர் வந்தால்
பிரிவு: குற்றம். பட்டை: சிவப்பு.
படம் இல்லையென்றால், விலங்கு பூட்டிய இரண்டு கை.
மொத்தம் நான்கு வரி. பிசகாமல் ஓடியது.
மாதம் ஒன்பது மணி நேரம் மிச்சம் என்று
மீட்டிங்கில் கை தட்டினார்கள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், எங்கள் ரயில்வே கேட்.
ஐம்பத்தெட்டுப் பெட்டியையும் ஒவ்வொன்றாய்க் காட்டிவிட்டுத்தான்
போவேன் என்றது சரக்கு வண்டி.
பக்கத்து டிவிஎஸ்ஸில் கேரம் கிளப் தேவசகாயம்.
போனை நீட்டினார்.
"இன்னாம்மா இது? நம்ம எப்சிபா
ஸ்டேட் மேட்ச்ல கப்பு அட்ச்சிகினு வந்துக்கீறா.
உங்காபீஸ்ல இன்னா போட்டுக்கிறாங்கோ பாரு."

கொருக்குப்பே…
குற்றம்.
விலங்கு பூட்டிய இரண்டு கை.
கீழே: இறுதிச் சுற்றில் அசத்திய பத்தாம் வகுப்பு மாணவி.

"எவன் பண்ண வேலை?"
"நாந்தாண்ணா" என்றேன்.
கேட்டதோ என்னவோ. கேட் திறந்தது,
எல்லா ஹாரனும் ஒன்றாக அடித்தன.

அன்றிரவே நான்கு வரியையும் அழித்தேன்.
பன்னிரண்டை எடுத்தேன். நீளப் பெயர்
இரண்டாம் வரிக்கு இறங்கட்டும்,
தலைப்பு கொஞ்சம் தள்ளி உட்காரட்டும்.
படம் இல்லையென்றால் இல்லை, வெள்ளையாக இருக்கட்டும்.
டெம்ப்ளேட்டில் அதுதான் சௌகரியம்,
ஓரிடத்தில் மாற்றினால் போதும்:
ஆறாயிரத்து இருநூறு பழைய பக்கத்திலும்
டீ ஆறுவதற்குள்
கொருக்குப்பேட்டை கொருக்குப்பேட்டை ஆகிவிட்டது.

பிரிவு மாறவில்லை.
அது டெம்ப்ளேட்டில் இல்லை, செய்தியோடு சேர்ந்து
உள்ளே பதிந்துவிட்டது.
எது நடந்த குற்றம், எது நான் ஒட்டியது
என்று பிரிக்க ஒரு விதி எழுதப் பார்த்தேன்.
வரவில்லை. படித்துத்தான் ஆகவேண்டும்.

நாளுக்கு முப்பது. ஜெசிந்தா பத்து வாங்கிக்கொள்கிறாள்.
நேற்று எர்ணாவூரில் ஒரு ரத்ததான முகாம்.
நெட்டுக்குப்பத்தில், வலையில் மாட்டிய ஆமையை
அறுத்துவிட்டு அனுப்பிய நாலு பேர் (வலையைத்தான் அறுத்தார்கள்,
ஜெசிந்தா தலைப்பைத் திருத்தினாள்).
வியாசர்பாடியில் ஒருவன் மெய்யாகவே குத்தியிருந்தான்,
அதை அப்படியே விட்டேன்.

பிறகு கொடுங்கையூர். குப்பைமேட்டுக்குப் பின்னால் மூன்று தெரு,
ஒன்பது நாளாகத் தண்ணி லாரி வரவில்லை.
சிவப்பு பட்டை.
மாற்றுவதற்காகப் பட்டியலைத் திறந்தேன்:
அரசியல், ஆன்மிகம், சினிமா, நகரம், வானிலை.
அம்புக்குறியை
குற்றம் என்ற சொல்லிலிருந்து நகர்த்தாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.